பாட்டு பேர் வாங்கித் தரும், மேடை சோறு போடும்: ஒரு டெக்னோ டீஜேயின் தொழில் எப்படி நடக்கிறது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கல்யாண வரவேற்புக்கு டீஜே வைப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. மேளக்காரருக்கும் சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் அட்வான்ஸ் எழுதுகிற நோட்டிலேயே அவருக்கும் ஒரு வரி இருக்கிறது. ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த மேசைக்குப் பின்னால் நிற்கிற பையன்களில் சிலர், வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் லேப்டாப்பைத் திறந்து சொந்தமாக இசை செய்கிறார்கள். அதிலும் சிலருக்கு டெக்னோ, அதாவது மின்கருவிகளில் தாளத்தை முன்வைத்துச் செய்கிற நடன இசை, என்றால் உயிர். சினிமாப் பாட்டு ரீமிக்ஸ் போட்டுச் சம்பாதிக்கிற காசை மென்பொருளுக்கும் ஸ்பீக்கருக்கும் செலவழிக்கிறார்கள். வீட்டில் அவர்களிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இதுல பொழைக்க முடியுமா தம்பி?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால் இந்தத் தொழில் வெளியுலகில் எப்படி நடக்கிறது, நம் ஊரில் எந்த இடத்தில் இடறுகிறது என்று பார்க்க வேண்டும். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டில் திறமைக்கும் கருவிக்கும் பஞ்சமில்லை. ஒரே கூட்டம் வாராவாரம் வந்து கேட்கிற ஓர் இடம்தான் இல்லை. டெக்னோவில் பெரிய பெயர் எடுத்தவர்களை உருவாக்கியதில் அப்படிப்பட்ட இடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

டெக்னோ பிறந்தது அமெரிக்காவின் டெட்ராய்ட் வட்டாரத்தில், 1980களில். கார் தொழில் நொடித்துப்போய் ஆலைகள் மூடிக்கொண்டிருந்த காலம். பக்கத்திலிருந்த பெல்வில் என்ற சிற்றூரில் ஒரே பள்ளியில் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் இதைத் தொடங்கினார்கள். ராத்திரி ரேடியோவில் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவையும் அமெரிக்க ஃபங்க் இசையையும் அடுத்தடுத்துக் கேட்டு வளர்ந்தவர்கள். ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980இல் டிஆர்-808 என்ற தாளக் கருவியையும் 1983இல் டிஆர்-909 கருவியையும் கொண்டுவந்தது. நிஜ டிரம் மாதிரி ஒலிக்கவில்லை என்று பலரும் ஒதுக்கியதால் இரண்டின் உற்பத்தியும் சில வருடங்களிலேயே நின்றுபோனது. அப்புறம் அவை பழைய விலைக்குக் கிடைத்தன. கையில் காசில்லாத பையன்களுக்கு அதுவே வழி திறந்துவிட்டது.

1988இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு தொகுப்பு இசைத்தட்டு அந்த இசையை டெக்னோ என்ற பெயரோடு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. அடுத்த வருடம் பெர்லின் சுவர் இடிந்தது. கேட்பாரற்றுக் கிடந்த கட்டடங்களுக்குள் இளைஞர்கள் ஸ்பீக்கரோடு நுழைந்தார்கள். 1991இல் ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டக அறைகளில் திரேசர் கிளப் திறந்தது. 2024இல் பெர்லினின் டெக்னோ பண்பாட்டை ஜெர்மனி தன் தேசிய மரபுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அது மனதை வலிக்க வைக்கிற பங்கு. மும்பையில் சினிமாப் பாடல்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து ராகங்களை 808 தாளக் கருவியிலும் ரோலண்டின் மற்ற சின்தசைசர்களிலும் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். இன்று கேட்டால் சிகாகோவில் அதற்குச் சில வருடம் கழித்து வந்த இசையைப் போலவே இருக்கிறது. அப்போது அதைச் சீந்த ஆளில்லை. 2010இல் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மறுவெளியீடு செய்த பிறகுதான், எழுபது வயதில், ஐரோப்பிய மேடைகளில் ஏறினார். 2015இல் காலமானார். கருவியும் ஞானமும் அவரிடம் இருந்தன. அதற்கு ஆடுகிற கூட்டம் அன்றைய பம்பாயில் இல்லை.

சரி, மேசைக்குப் பின்னால் உண்மையில் என்னதான் நடக்கிறது?

டெக்னோ பெரும்பாலும் நிமிடத்துக்கு 125 முதல் 145 தாளத் தட்டு வேகத்தில் ஓடும். நாலு தட்டு ஒரு சுற்று. நாலிலும் கிக் டிரம் (டம் டம் என்கிற அடி முரசு) விழும். இரண்டு பக்கமும் பாட்டு ஓட்டுகிற இரண்டு பிளேயர், நடுவில் இரண்டையும் கலக்கிற மிக்ஸர். ஒரு பாட்டு கூட்டத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்ததை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டு வேகத்தைச் சரிசெய்வார் டீஜே. காலங்காலமாக இந்த வேலைக்கு ஓடிய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இசைத்தட்டுச் சுழலியில் வேகத்தை எட்டு சதவீதம் கூட்டவோ குறைக்கவோ ஒரு நெம்பு இருக்கும். இன்றைய பிளேயர்களில் எண்ணாகவே திரையில் தெரியும், பொத்தானை அமுக்கினால் தானாகவே சேர்ந்துகொள்ளும். அதனால் "இனி டீஜேக்கு என்ன வேலை" என்று கேட்பவர்கள் உண்டு. வேகம் சேர்ப்பது ஆரம்பப் பாடம்தான். இரண்டு பாட்டின் பேஸும் (கனத்த அடி ஓசை) ஒரே நேரத்தில் ஒலித்தால் குழம்பி உறுமும். உள்ளே வருகிற பாட்டின் பேஸை மிக்ஸரில் மூடி வைத்துக்கொண்டு, மேல் ஓசையை மட்டும் மெல்ல ஏற்றி, சுற்று மாறுகிற அந்தத் தட்டில் பழையதன் பேஸை இறக்கிப் புதியதைத் திறக்க வேண்டும். கை அரைத் தட்டு பிந்தினாலும் ஆடுகிறவர்களின் கால் தடுமாறும். 130 வேகத்தில் ஒரு தட்டு என்பது அரை விநாடிக்கும் குறைவு.

இப்படிச் சேர்ப்பதற்கு வசதியாகத்தான் டெக்னோ பாட்டுகளே செய்யப்படுகின்றன. தொடக்கத்தில் ஒரு நிமிடம் வெறும் தாளம், முடிவிலும் அப்படியே. நீளம் ஆறேழு நிமிடம். வீட்டில் போட்டால் அப்பத்தா "பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்று கேட்பது இதனால்தான். அது தனியாகக் கேட்பதற்கு முன்னால், இன்னொன்றோடு பொருந்துவதற்காகச் செய்த பொருள். தயாரிப்பாளர் பல ராத்திரிகள் உட்கார்ந்து செதுக்குவது பெரும்பாலும் ஒரே ஒரு கிக் ஓசையை. உயர்ந்த சுருதியில் தொடங்கி, ஒரு நொடியின் சின்னஞ்சிறு பங்குக்குள் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) பக்கம் சரிகிற ஒரு அலை அது. எவ்வளவு சீக்கிரம் சரிகிறது, வால் எவ்வளவு நீளம், பாட்டின் சுருதியோடு சேர்கிறதா, கீழே ஓடுகிற பேஸ் வரி ஒவ்வொரு கிக்குக்கும் கொஞ்சம் ஒதுங்கி வழி விடுகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். லேப்டாப் ஸ்பீக்கரில் இதில் பாதி காதில் விழவே விழாது. பெரிய சவுண்ட் செட்டில் போட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

ஒரு முழு வாழ்க்கையை எடுத்துப் பார்க்க ஜெஃப் மில்ஸ் நல்ல உதாரணம். 1963இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். 1980களில் உள்ளூர் ரேடியோவில் 'தி விசார்ட்' என்ற பெயரில் தட்டுகளை மின்னல் வேகத்தில் மாற்றி வாசித்தவர். பிறகு மைக் பேங்க்ஸுடன் சேர்ந்து அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். பெரிய கம்பெனிகளின் வாசலில் நிற்காமல் தட்டை நாமே அச்சடித்து நாமே விற்போம் என்பது அந்தக் குழுவின் கொள்கை. 1992இல் ஆக்சிஸ் என்ற சொந்த லேபிளை, அதாவது இசை வெளியிடும் நிறுவனத்தை, ஆரம்பித்தார். நியூயார்க்கில் ஒரு கிளப்பில் நிலையான டீஜேயாக இருந்தார், பெர்லினின் திரேசரோடும் நெருக்கமானார். மூன்று சுழலியும் ஒரு 909 கருவியுமாக அவர் வாசிப்பது தனிப் பாணியாகவே நின்றுவிட்டது. 2005இல் பிரான்ஸில் ஒரு முழு சிம்ஃபொனி இசைக்குழுவோடு மேடை ஏறினார். பிரெஞ்சு அரசு கலைக்கான விருதை இருமுறை கொடுத்தது. அறுபதை நெருங்கும் வயதில் தபலா கலைஞர் பிரபு எதுவாருடன் சேர்ந்து வாசித்தார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் ரேடியோவில் தினம் தினம் வாசித்த பழக்கம். அப்புறம் சொந்த லேபிள். அதோடு கூடவே ஒரு நிலையான மேடை. உலகச் சுற்றுப்பயணம், விருது எல்லாம் அதற்குப் பிந்தியவை. நம் பிள்ளைகளில் பலர் இதைத் தலைகீழாக ஆரம்பிக்கிறார்கள். மேடையில் கை தூக்கி நிற்கிற படம் முதலில் வந்துவிடுகிறது, பாட்டு பின்னால் வருகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலையான மேடை என்ற நடுப்படி இங்கே யாருக்கும் கிடைக்காததால் அதைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறார்கள்.

காசு விஷயத்துக்கு வருவோம். பீட்போர்ட் போன்ற இணையக் கடையில் ஒரு பாட்டு ஒன்றிரண்டு டாலருக்கு விற்கும். கடைக்கும் விநியோகஸ்தருக்கும் போக மீதியை லேபிளும் கலைஞரும் பெரும்பாலும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்வார்கள். சில நூறு பிரதி விற்றால் நல்ல விற்பனை என்கிற துறையில் இதை வைத்து அரிசி வாங்க முடியாது. பேண்ட்கேம்ப் இணையதளத்தில் நேரடியாக விற்றால் அவர்கள் எடுப்பது 15 சதவீதம்தான், ஆனால் ஆட்களை நாம்தான் கூட்டிவர வேண்டும். ஆக, பாட்டின் வேலை சம்பாதிப்பதைவிடப் பேர் வாங்குவது. ஒரு பாட்டை நாலு பெரிய டீஜேக்கள் தங்கள் செட்டில் (மேடையில் தொடர்ந்து வாசிக்கிற வரிசையில்) வாசித்தால், அதைச் செய்தவர் யார் என்று தேடுவார்கள், மேடைக்குக் கூப்பிடுவார்கள். சம்பளம் அங்கேதான். அதிலும் மேடை பிடித்துத் தருகிற ஏற்பாட்டாளருக்கு 10 முதல் 20 சதவீதம் போகும். வயிற்றுப்பாடு மேடையில், வளர்ச்சி பாட்டில். இரண்டில் ஒன்றை விட்டவர் நீடிப்பது கஷ்டம். பாட்டு மட்டும் செய்கிறவர் விளம்பரத்துக்கும் குறும்படத்துக்கும் இசை போட்டுச் சமாளிப்பார். வாசிக்க மட்டும் தெரிந்தவரின் இடத்துக்கு அடுத்த வருடம் இன்னொருவர் வந்து நிற்பார்.

உடம்பும் ஒரு மூலதனம் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றால், 100 டெசிபலை 15 நிமிடம்தான் கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. பாக்ஸுக்கு முன்னால் இதைச் சர்வசாதாரணமாகத் தாண்டுவோம். காதில் நிரந்தரமாக ரீங்காரம் வந்துவிட்டால் மருந்தில் போகாது. ஒரு ஜோடி காதடைப்பான் வாங்க யோசிக்கிற தம்பிகளைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

இனி நம் ஊர். இசையைத் தொழிலாக நடத்துவது செட்டிநாட்டுக்குப் புதிதே இல்லை. ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடியில் குடும்பக் கடையில் இசைத்தட்டு விற்றுத்தான் தொழில் பழகினார். பிறகு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலமாகத் தட்டுகளை வெளியிட்டார், அங்கிருந்து சினிமாவுக்குப் போனார். உலகப் போர்க் காலத்து நெருக்கடியால் ஸ்டுடியோவையே காரைக்குடிக்குக் கொண்டுவந்து படம் எடுத்தார். 1948இல்தான் அது சென்னைக்கு இடம் மாறியது. கடை, வெளியீடு, ஸ்டுடியோ மூன்றையும் ஒரே கையில் வைத்திருந்தவர் அவர். நாற்பது வருடம் கழித்து டெட்ராய்ட்டில் தனியார் லேபிள்காரர்கள் சின்ன அளவில் செய்ததும் அதே மாதிரிக் காரியம்தான்.

காரைக்குடியை ஒட்டி இருக்கிற அரியக்குடியில் 1890இல் பிறந்தவர் ராமானுஜ ஐயங்கார். இன்று நாம் கேட்கிற கர்நாடகக் கச்சேரியின் வரிசையை அமைத்துக் கொடுத்தவர் என்று சங்கீத உலகம் அவரைத்தான் கொண்டாடுகிறது. வர்ணத்தில் விறுவிறுப்பாகத் தொடங்கி, சின்னக் கீர்த்தனைகள் சிலவற்றைப் பாடி, பிறகு விரிவான ராகத்துக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் போய், கடைசியில் துக்கடாக்களில் இறங்குகிற அமைப்பு. முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் எப்போது சோர்வார், எப்போது நிமிர்வார் என்று தெரிந்த ஒருவரால்தான் இப்படி அமைக்க முடியும். நல்ல டெக்னோ செட்டும் இதே அறிவில்தான் நிற்கிறது. முதல் மணி நேரம் வாசிக்கிறவர் கூட்டத்தை எரிய வைக்கக் கூடாது, சூடேற்றினால் போதும். 140க்கு ஏற வேண்டிய ராத்திரியை 126இல் தொடங்கத் தெரிய வேண்டும். ஐயங்காருக்கு அந்த அறிவு சபா சபாவாகப் பாடிப் பாடி வந்தது. தனியறையில் உட்கார்ந்து யோசித்து வருகிற வித்தை இல்லை அது. 2023இல் மறைந்த காரைக்குடி மணியும் அப்படித்தான். மிருதங்கத்தைப் பக்கவாத்தியமாக மட்டும் வைக்காமல் மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்து, ஆஸ்திரேலிய இசைக்குழுவோடு சேர்ந்து வாசித்தார் என்றால், பின்னால் ஆயிரக்கணக்கான கச்சேரிகளின் அனுபவம் இருந்தது. தாளம் மட்டுமே போதும், அதுவே ஒரு முழு இசை என்பதை நம்மவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் இன்றைய பையனுக்கு வாசிக்க எங்கே இடம் இருக்கிறது? கல்யாணமும் கோயில் திருவிழாவும்தான். கல்யாணத்துக்குச் சட்டம் சாதகமாகவே இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, திருமண ஊர்வலத்திலும் திருமணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களிலும் பாட்டு போடுவதற்கு விலக்கு தருகிறது. மத்திய அரசு 2023இல் இதைத் திரும்பவும் தெளிவுபடுத்தியது. ஆனால் கல்யாண வீட்டில் டீஜே தன் இஷ்டத்துக்கு வாசிக்க முடியாது. மாப்பிள்ளையின் நண்பர்கள் மூன்று நிமிடத்துக்கு ஒரு பாட்டு கேட்பார்கள். பந்தி போட்டதும் கூட்டம் கலைந்துவிடும். வந்தவர்களை அடுத்த வாரம் பார்க்கப்போவதும் இல்லை. என்ன வாசித்தோம், எது எடுபட்டது என்று சோதித்துப் பார்க்கவே வாய்ப்பில்லை. காசு வரும், கை வளராது.

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் வெளியூர்க்காரர்கள் வந்து கல்யாணம் வைப்பது பெருகியதும் ஒரு புது வாய்ப்பு. சென்னை, பெங்களூரிலிருந்து வருகிற அந்தக் கூட்டத்துக்கு டெக்னோ பழக்கம். ஆனால் அந்த வீடுகளின் ஒலி பொல்லாதது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு இழைத்த சுவர், ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்குத் தூண் என எல்லாமே கெட்டி. திரைச்சீலை, மெத்தை எதுவும் இல்லாத வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) கைதட்டினால் ஓசை சுவருக்குச் சுவர் அலையும். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட ஏழு மீட்டர். வளவின் அகலமும் ஏறக்குறைய அந்தக் கணக்கில் இருந்தால், ஒரு இடத்தில் பேஸ் நெஞ்சில் இடிக்கும், இரண்டு எட்டு தள்ளி நின்றால் காணாமல் போகும். வழக்கம்போல இரண்டு மூலையில் பேஸ் பாக்ஸ் வைத்தால் இந்தக் கோளாறு கூடலாம். இரண்டையும் ஒட்டி ஒரே இடத்தில் வைத்தால் கொஞ்சம் குறையலாம். மேல் ஓசையைக் கொஞ்சம் இறக்கி, உள்ளே எதிரொலி குறைவான பாட்டுகளாகப் பொறுக்க வேண்டும். வானம் தெரிகிற வளவு என்பதால் பேஸ் அடுத்த தெருவுக்கும் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. எந்தச் சுவர் எப்படித் திருப்பித் தரும், ஜெனரேட்டரை எங்கே நிறுத்தினால் இரைச்சல் கேட்காது என்பதெல்லாம் ஊரில் இருக்கும் பழைய ரேடியோ செட்காரர்களுக்கு அத்துப்படி. குழாய் ஸ்பீக்கர் காலத்திலிருந்து திருவிழாக்களில் செட் போட்டவர்கள். நம் பையன்கள் யூடியூபில் தேடுகிற பாடத்தில் பாதி, "அண்ணே, ஒரு நாள் கூட வரட்டுமா?" என்று கேட்டால் அவர்களிடமே கிடைக்கும்.

திருவிழாவில் கூட்டம் உண்டு, ஆனால் நேரம் இல்லை. 2000ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களில் மாநில அரசு நள்ளிரவு வரை விலக்கு தரலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் போகாமல். வயதானவர்களும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிற தெருவில் இந்த விதி வேண்டியதுதான். டெக்னோ என்றாலே விடியவிடிய என்று நினைத்து இங்கே இடமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெர்லினிலேயே ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்து ஆடிவிட்டுப் போகிற கூட்டம் பெரியது.

இன்றைய நிலையில் காரைக்குடிப் பையன் பாட்டை இணையத்தில் வெளியிட்டு, அதைக் காட்டி சென்னையிலும் பெங்களூரிலும் கோவாவிலும் மேடை தேடுகிறான். ரயில் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் சம்பளம் சரியாகப் போய்விடுகிறது. உள்ளூரில் வளர்ந்த கை இல்லாததால் ஒரு தடவை கூப்பிட்டவர்கள் இரண்டாம் தடவை யோசிக்கிறார்கள். வீட்டில் "பொழைக்க முடியுமா" என்று கேட்பதற்கு நேர்மையான பதில் இதுதான்: இரண்டு மூன்று வருடம் கல்யாண வேலையோ வேறு வேலையோ கூடவே வேண்டும். அந்த வருடங்களில் சொந்தப் பாட்டும், திரும்பத் திரும்ப வாசிக்க ஓர் இடமும் சேர்ந்தால் வாய்ப்பு உண்டு. இடம் இல்லாவிட்டால் திறமைசாலியும் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அந்த இடத்தை உண்டாக்குவது நினைக்கிற அளவுக்குப் பெரிய காரியம் இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் பூட்டித்தான் கிடக்கின்றன. மூடிய சின்ன மண்டபம் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி முதல் ஒன்பது மணி வரை வாடகைக்குப் பேசலாம். ஊர் ரேடியோ செட்காரர் ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டால் செட் வாடகை குறையும், அனுபவமும் கிடைக்கும். இது கல்யாணம் இல்லை என்பதால் இசை உரிம அமைப்புகளிடம் முறைப்படி அனுமதி வாங்க வேண்டும், காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் புதியவருக்கு, அடுத்த மூன்று மணி நேரம் அனுபவம் உள்ளவருக்கு. வாசிக்கிற ஒவ்வொருவரும் தான் செய்த பாட்டு ஒன்றையாவது அந்தப் பெரிய செட்டில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்ளலாம். அழகப்பா பல்கலைக்கழகம், பொறியியல் கல்லூரி, சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் என்று வெளியூர்ப் பிள்ளைகள் நிறைந்த ஊர் இது. முதல் வாரம் முப்பது பேர் வந்தால் போதும். அதே ஆட்களில் எத்தனை பேர் நாலாவது வாரமும் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தை மாதத்துக்கு மண்டபம் பேசலாம்.